வால் வீசிய கார்

என் மாமியார் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுங்க. என் மூஞ்சில இல்ல. அத நான் தினமும் கண்ணாடில பாக்கறேன்."

"நாங்களும்தான் தினமும் பாக்கறோம் அத்தை," என்றேன்.

அடியிலிருந்து ஒரு செருப்புக்கால் மட்டும் என் கணுக்காலைத் தேடி நகர்ந்தது. நான் தள்ளி நின்றேன்.

அத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து கேஸ்களைத் துருவித் துருவிப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு வாசலில் "துப்பறியும் நிலையம்" என்று போர்டு மாட்டிவிட்டார். நான் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனி இழுத்து மூடப்பட்ட வாரம் அது. "சும்மாதானே இருக்கீங்க, வண்டி ஓட்டுங்க" என்றார். நான் என் மனைவியைப் பார்த்தேன். "போயிட்டு வாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இல்லன்னா எனக்கும் நிம்மதி" என்றாள் அவள். இப்படித்தான் நான் உதவித் துப்பறிவாளன் ஆனேன்.

இப்போது அத்தையின் தலைக்கு மேல் நின்ற கார் ஒரு வெளிர்நீல இரண்டு கதவு வண்டி. முன்பாதி பளபளவென்று இருந்தது. பின்பாதியை யாரோ கசக்கிப் போட்டதுபோல இருந்தது.

"ஒரே கார், ரெண்டு முதலாளி," என்றார் அந்த ஷெட்டை நடத்தும் மெக்கானிக். ஜாக்கி என்பது பட்டப்பெயர். ஆள் இருந்த அகலத்துக்கு, ஜாக்கி இல்லாமலே காரைத் தூக்குவார் என்று நம்பலாம். "அக்காவும் தம்பியும். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது. அக்கா டிராக்ல ரேஸ் ஓட்டும். ஒரு கோடு புடிச்சா, கடைசிச் சுத்து வரைக்கும் அதே கோடுதான். அதனால எல்லாரும் 'நூல்'னு கூப்பிடுவாங்க. தம்பி ட்ரிஃப்ட். வண்டிய வேணும்னே பக்கவாட்டுல சறுக்க விட்டு, வால வீசி, புகையக் கெளப்பி..."

"அவர் பேரு?" என்றேன்.

"பம்பரம்."

"நூலும் பம்பரமும் ஒரே வயித்துலயா? பெத்தவங்க யோசிச்சுத்தான் பெத்திருக்காங்க."

மேஜைமேல் அந்த அக்காவின் ரேஸ் பை கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு ஃபிளாஸ்க். எனக்குத் தாகம். எடுத்து மூடியைத் திருகினேன். அசையவில்லை. சட்டையைச் சுற்றித் திருகினேன். சட்டைதான் கசங்கியது.

"விட்டுடுங்க சார். சனிக்கிழமை நானே தோத்துட்டேன்," என்றார் ஜாக்கி. "பாவம், அந்தப் பொண்ணு நாக்கு வறண்டுதான் ரேஸ்ல எறங்குச்சு."

அத்தை காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, புடவையைத் தட்டிக்கொண்டே, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஒரு வண்டி ரெண்டு பேருக்கும் எப்படி ஒத்துவரும்?" என்றார்.

ஜாக்கிக்கு இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல முகம் மலர்ந்தது.

"நூலுக்குப் பின் டயர் தரையோட ஒட்டிக்கிட்டே வரணும். பம்பரத்துக்கு, அவன் 'விடு'ன்னு சொன்ன நொடி அது தரைய விடணும். ரெண்டுக்கும் பொதுவா சில வேலை செஞ்சு வெச்சிருக்கேன். ஸ்பிரிங் நடுத்தரம். முன் சக்கரம் ரெண்டோட தலையும் கொஞ்சம் உள்பக்கமா சாய்ஞ்சிருக்கும். வளைவுல வண்டி சாயறப்போ டயர் முழுசாப் படியறதுக்காக. அதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. சண்டையெல்லாம் பின்பக்கம்தான். பின்பக்கம் இளக்கமா இருந்தா ஒட்டும், கெட்டியா இருந்தா வால் வீசும். அதுக்கு மூணு விஷயத்த மாத்துவோம். ஒண்ணு, ரெண்டு பின் சக்கரத்தயும் சேத்துக் கட்டற கம்பி. அத வெளி ஓட்டைல மாட்டினா இளக்கம், உள் ஓட்டைல மாட்டினா கெட்டி. ரெண்டாவது டயர் காத்து. மூணாவது ஷாக் அப்சார்பர் தலைல இருக்கற குமிழ். அது டிக்கிக்குள்ள இருக்கும். வலப்பக்கம் திருகினா கெட்டி."

"கல்யாணமான புதுசுல நானும் இப்படித்தான் செட் பண்ணிப் பாத்தேன்," என்றேன். "அம்மா பக்கம் கொஞ்சம் இளக்கம், சம்சாரம் பக்கம் கொஞ்சம் கெட்டி."

"இப்ப எப்படி சார்?"

"இப்ப ஷாக் அப்சார்பரே போயிடுச்சு. எல்லாப் பள்ளமும் நேரா முதுகெலும்புக்கு வருது."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை விழுங்கிவிட்டுக் கேஸுக்கு வந்தேன்.

கேஸ் இதுதான். சனிக்கிழமை ரேஸில் மூன்றாவது வளைவில் ஒரு சின்ன மேடு. அதன்மேல் ஏறியதும் காரின் வால் வீசியது. பின்பக்கமாகப் போய்ச் சுவரில் மோதி, நூலுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஜாக்கி டிக்கியைத் திறந்து பார்த்தபோது, இளக்கமாக இருக்க வேண்டிய இரண்டு குமிழும் கெட்டியாக இருந்தன. அன்று காலை டிராக்கில் யாரோ எடுத்த போட்டோவில், பம்பரம் அதே டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு, கார் யாருக்கு என்று அக்காவும் தம்பியும் கத்திய கத்தல் அக்கம்பக்கத்துக்கே தெரியும். ரேஸ் சங்கம் இன்று மாலை கூடி, அவனுக்கு ஆயுள் தடை போடப் போகிறது. அதற்கப்புறம் போலீஸ்.

எங்களைக் கூப்பிட்டது அவர்களுடைய அம்மா. மருந்துக்கடை நடத்துகிறவர். கணவர் போனபின் தனியாக இரண்டையும் வளர்த்தவர். "யாரு செஞ்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். என் பையனா இருந்தாலும் சொல்லுங்க" என்றார் போனில். மகனாக இருக்கக் கூடாது என்று அவர் குரல் தனியாகக் கெஞ்சியது.

"கம்பி வெளி ஓட்டைலதான் இருக்கு," என்றார் அத்தை. "போல்ட் மேல பழைய சேறு காஞ்சு ஒட்டியிருக்கு. யாரும் தொடல. டயர்ல காத்து?"

"ரேஸுக்கு வெச்ச அதே அளவு."

"ஆக, மூணுல ஒண்ணுதான் மாறியிருக்கு. பையன் ட்ரிஃப்ட்டுக்கு அந்தக் குமிழ எவ்வளவு திருகுவான்?"

"முக்கால்வாசி. அதுக்கு மேல போனா டயர் சறுக்காது, பந்து மாதிரி குதிக்கும்."

"சனிக்கிழமை எவ்வளவு இருந்துச்சு?"

ஜாக்கி தலையைச் சொறிந்தார். "முழுசா. முழுசுக்கும் மேல. கடைசில போய் நின்னப்புறமும் யாரோ ஒரு அழுத்து அழுத்தியிருக்காங்க. நான் பிளையர் போட்டுத்தான் கழட்டினேன்."

அத்தை டிக்கியை எட்டிப் பார்த்தார். "ரேஸுக்கும் ஆகாத, ட்ரிஃப்ட்டுக்கும் ஆகாத ஒரு செட்டிங். செஞ்சவங்களுக்கு ரெண்டும் தெரியாது. ஆனா கைல நல்ல பலம்."

"அப்ப நான் இல்ல," என்றேன். "முதல் தகுதி இருக்கு. ரெண்டாவது கெடையாது."

*

பம்பரம் பத்து நாளாக நண்பனின் டயர் கடையில் குடியிருந்தான். நாங்கள் போனபோது பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லி உடம்பு, பெரிய காதுகள், மூன்று நாள் தாடி.

"நீங்களும் 'ஏன் பண்ணே'ன்னுதான் கேக்கப் போறீங்களா?" என்றான்.

"பண்ணியான்னு கேக்க வந்தேன்," என்றார் அத்தை.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இல்ல."

"டிக்கில தலைய விட்டது?"

"என் ஹெல்மெட் அதுக்குள்ள இருந்துச்சு. மறுநாள் எனக்குப் போட்டி. சண்டைல வீட்ட விட்டு வந்தப்ப எடுக்க மறந்துட்டேன். வண்டி டிராக்குக்கு வந்ததும் எடுத்தேன். அவ்வளவுதான்."

"நீ மாத்தறதா இருந்தா எத முதல்ல மாத்துவே?"

"கம்பிய. அத விட்டுட்டு குமிழ மட்டும் திருகறவன் ட்ரிஃப்டரா?" முதல் தடவையாக அவனுக்குக் கோபம் வந்தது. "கடைசி வரைக்கும் இறுக்கியிருந்துச்சாமே? எங்க அக்காவக் கொல்லப் பாத்தேன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேங்க. எனக்கு செட்டிங் தெரியாதுன்னு சொல்றத எப்படிப் பொறுத்துக்கறது?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சட்டென்று குரல் இறங்கியது.

"ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தா. என்னைப் பாத்து 'ஏன்டா'ன்னா. அவ்வளவுதான். பண்ணியாடான்னுகூடக் கேக்கல."

அத்தை, "எழுந்து வா. உங்க வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"நான் அங்க வர மாட்டேன்."

"உன்ன யாரு உள்ள கூப்பிட்டா? வாசல்ல நில்லு. அங்கேருந்து சங்கத்துக்குப் போகணும். எங்க மாப்ளைக்கு வழி தெரியாது."

வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன். பின்சீட்டிலிருந்து பம்பரம் மெதுவாகச் சொன்னான்: "சார், தப்பா நெனக்காதீங்க. அந்த கியர்ல மூணாவதுன்னு ஒண்ணு இருக்கு."

"அத விசேஷத்துக்கு வெச்சிருக்கார்," என்றார் அத்தை.

*

கீழே மருந்துக்கடை, மேலே வீடு. ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருந்த வீடு. மருந்துக்கடை அம்மா வெள்ளைக் கோட்டோடு மேலே வந்தார். வாசற்படியில் மகன் நிற்பதைப் பார்த்தார். அவனைக் கூப்பிட வாயெடுத்து, மகளைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். நூல் சோபாவில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

டயர் கடைக் கரி கையில் ஒட்டியிருந்தது. கழுவலாம் என்று சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினேன். திறக்கவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். தோள்பட்டையில் ஏதோ 'கடக்' என்றது, குழாயில் இல்லை. அன்றைக்கு எனக்கு எதுவுமே திறக்கிற நாளாக இல்லை. கரிக் கையோடு திரும்பி வந்து, "அத்தை, இங்க குழாய்கூட நமக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது" என்றேன்.

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே இரண்டு மூன்று டப்பாக்கள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கேஸ் முடியப்போகிறது என்றால் அத்தை எழுந்து நின்றுதான் பேசுவார், அது அவர் ஸ்டைல். அன்று போய் மருந்துக்கடை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டி மாறியிருக்குன்னு உனக்கு முதல்ல எப்பம்மா தெரிஞ்சுது?" என்று நூலிடம் கேட்டார்.

"மூணாவது வளைவுல. அந்த மேட்டுல ஏறினதும்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலயா? நல்லா யோசி. வீட்டுலேருந்து டிராக்குக்கு ஓட்டிட்டுப் போனியே."

நூல் நெற்றியைச் சுருக்கினாள். "போற வழில... முதுகு குலுங்குச்சு. சின்னப் பள்ளத்துக்கெல்லாம் பின்னாடி தூக்கிப் போட்டுச்சு. டயர்ல காத்து அதிகமோன்னு நெனச்சேன். ஜாக்கியண்ணன் காத்தப் பாத்தார், சரியா இருந்துச்சு. கம்பியும் சரியா இருந்துச்சு. டிக்கியத் தொறந்து பாக்கல. யாரும் தொடலயேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் கண் முதல் தடவையாக வாசல் பக்கம் போனது.

"டிராக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே வண்டி கெட்டியாயிடுச்சு," என்றார் அத்தை. "உன் தம்பி அப்ப டயர் கடைல இருந்தான். அவன் அந்த வண்டியத் தொட்டதே டிராக்ல வெச்சுத்தான்."

"அப்படின்னா வீட்டுலயே..." என்று ஆரம்பித்த நான் நூலைப் பார்த்தேன். தம்பியை மாட்டிவிட்டால் கார் முழுக்க அவளுக்கு. என் மூளையில் பல்பு எரிந்தது.

"என்னை ஏன் பாக்கறீங்க? நானே என் கைய ஒடச்சுக்குவேனா?" என்றாள் அவள். பல்பு அணைந்தது.

அத்தை மருந்துக்கடை அம்மாவின் பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காலைல டிக்கில பைய வெச்சது நீங்கதானே?"

"ஆமா. எப்பவும் நான்தான். இவ எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டு ஓடுவா. ஃபிளாஸ்க்ல தண்ணி புடிச்சு, நல்லா மூடி, பைல வெச்சு, பைய டிக்கில வெச்சேன்." அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நான் ஒருத்தி பாக்கலன்னா இந்த வீட்டுல எதுவும் ஒழுங்கா இருக்காது மேடம். அந்த டிக்கிக்குள்ளயே ரெண்டு பக்கமும் ரெண்டு மூடி லூசாக் கெடந்துச்சு. கை பட்டாலே சுத்துது. அவ்வளவு வேகத்துல போற வண்டி, மூடி கழண்டு உள்ள இருக்கறதெல்லாம் கொட்டிட்டா? நல்லா இறுக்கி விட்டேன். ரெண்டையும். ஜாக்கி தம்பிகிட்ட கண்டிக்கணும்னு நெனச்சேன், மறந்தே போச்சு."

கீழே கடையில் யாரோ இருமல் மருந்துக்காக மணியை அடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள்.

அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் என் கரிக் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா," என்றான் பம்பரம். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. "அது வெறும் மூடிதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"ஆமாம்மா," என்றாள் நூல் உடனே. "வெறும் மூடி."

அந்த வீட்டில் அந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்றோ. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தினமும் போலி மருந்துச் சீட்டு புடிக்கறவ நான்," என்றார். "உங்க ரெண்டு மூஞ்சியும் போலிச் சீட்டு." பிறகு அவர் கண் மகளின் கைக்கட்டில் போய் நின்றது. "நானா?"

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான். மறைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா வேணும்னு செய்யல. அந்தக் குமிழ் மூடி இல்லன்னு உங்களுக்கு யாரும் சொல்லல."

அவர் அழுதார். நூல் ஒற்றைக் கையால் அவரைக் கட்டிக்கொண்டாள். பம்பரம் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நானே பண்ணேன்னு சொல்லிடறேன்மா. தடைதானே? ட்ரிஃப்ட் இல்லன்னா வேற ஏதாவது..." என்றான்.

அம்மா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

"மருந்த மாத்திக் குடுத்தது நான். போய்ச் சொல்ல வேண்டியதும் நான்தான். எழுந்திரு."

*

சங்கத்தில் நீளமான மேஜை, மூன்று பேர், நடுவில் டை கட்டிய தலைவர். அந்த அம்மா வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே போய் நின்று நடந்ததைச் சொன்னார். தலைவர் முழுவதும் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார்.

"பையனக் காப்பாத்த எந்த அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க. அந்தக் குமிழ பிளையர் போட்டுத்தான் கழட்டினாங்களாம். நீங்க வெறுங்கையால இறுக்கினீங்களா?"

அம்மா மேஜையிலிருந்த அவருடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடினார். அப்படியொன்றும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. தலைவர் முன்னால் வைத்தார்.

தலைவர் திருகினார். டையைத் தளர்த்திவிட்டுத் திருகினார். இடப்பக்கத்தவரிடம் தள்ளினார். அவர் முகம் சிவந்தது. வலப்பக்கத்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தாகம் இல்ல" என்று கீழே வைத்தார்.

"என் கடைல லேபிள் இல்லாம ஒரு பாட்டில் இருந்தா லைசென்ஸ் போயிடும்," என்றார் அம்மா. "உங்க வண்டில உயிர் போற குமிழ். மேல ஒரு எழுத்து உண்டா?"

"அது... எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் மேடம்."

"எனக்குத் தெரியல. என் பொண்ணு கை ஒடஞ்சுது. மூணு நாளா என் பையன ஊரே கொலைகாரன்னு சொல்லிச்சு. அந்த ஊர்ல நீங்களும் இருந்தீங்க."

பம்பரத்தின் மேல் குற்றமில்லை என்று அங்கேயே அறிவித்தார்கள். தலைவர் எழுந்து நின்றுதான் அறிவித்தார். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் நூல் தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"கேக்காம சொல்லிட்டேன்டா. தப்பு. பண்ணியான்னு கேட்டிருக்கணும்."

அவன் அவளைப் பார்க்காமல் காலால் கல்லை உருட்டினான். நான் மன்னிப்பை எதிர்பார்த்தேன். அவன் வேறு எதையோ கேட்டான்.

"அந்த வீடியோவ நூறு தடவ பாத்தேன். வால் வீசினதும் வண்டி ஒரு சுத்து சுத்தி, உன் பக்கக் கதவு நேரா சுவத்துல போயிருக்கணும். நீ எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்க ஒடிச்சுப் புடிச்சே. ஆக்ஸிலேட்டர விடல. பாதி வளைவு வரைக்கும் சறுக்கிட்டே வந்து, பின்பக்கத்தக் குடுத்தே. ட்ரிஃப்ட் வேலையில்லாதவன் வேலைன்னு சொன்னவ நீ. அத எங்க கத்துக்கிட்டே?"

நூல் எங்களைப் பார்த்தாள். அத்தை கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"உன் போட்டி எல்லாத்துக்கும் வருவேன்," என்றாள். "தொப்பி போட்டுக்கிட்டு, கடைசி வரிசைல. உன் கால எப்ப எடுக்கறே, எப்ப வெக்கறேன்னு பாப்பேன். சொன்னா நீ ரொம்ப ஆடுவேன்னு சொல்லல."

அவன் என்னிடம் கையை நீட்டினான். கார் சாவிக்காக. நான் கொடுத்துவிட்டேன். அத்தையும் அந்த அம்மாவும் பின்சீட்டில் ஏற, நடுவில் நான் புத்தகம்போலச் செருகப்பட்டேன். நூல் முன்சீட்டில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டினாள். பம்பரம் அதை அவள் கையிலிருந்து வாங்கி, கட்டுப்போட்ட மணிக்கட்டில் படாமல் இழுத்து மாட்டிவிட்டான். எஞ்சினைக் கிளப்பி ஒரு உறுமு உறும விட்டான்.

"டேய்," என்றாள் அந்த ரேஸ்காரி. "மெதுவாப் போடா."

அவன் மெதுவாகத்தான் போனான். என்னைவிட மெதுவாக.